நினைவோடு இருத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

இணையத்தில் பல இடங்களில் ‘நினைவாற்றல்’ என்று போட்டிருக்கிறார்கள். அது தவறு. நினைவாற்றல் என்பது படித்ததை மறக்காமல் வைத்திருக்கும் திறமை. ‘விழிப்புணர்வு’ என்ற சொல்லும் டெங்கு விழிப்புணர்வு, வாக்காளர் விழிப்புணர்வு என்று வேறு வேலைக்குப் போய்விட்டது. ‘கவனம்’ ஓரளவு ஒத்துவரும். ஆனால் ‘கவனமா இரு’ என்று யாராவது சொன்னதுமே உடம்பு கொஞ்சம் இறுகிவிடுகிறது, ஏதோ ஆபத்து வருகிற மாதிரி.

இந்தப் பக்கத்தில் ‘நினைவோடு இருத்தல்’ என்கிறோம். மயங்கி விழுந்தவரை ‘நினைவு தப்பிவிட்டது’ என்றும், முழித்ததும் ‘நினைவு திரும்பிவிட்டது’ என்றும் சொல்கிறோம் அல்லவா? தமிழில் நினைவு என்றால் ஞாபகம், உணர்வோடு இருக்கும் நிலை, இரண்டும்தான். பாலி மொழியில் இதற்கு மூலச்சொல்லான ‘ஸதி’யும் அதே போன்றதுதான். (‘சதி’ என்று எழுதினால் சூழ்ச்சியாகிவிடும்.) வடமொழி ‘ஸ்மிருதி’யின் உறவுச்சொல் அது, ஞாபகம் என்பதே அதன் அடிப்பொருள். 1881-இல் பௌத்த நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்த ரைஸ் டேவிட்ஸ் அந்தச் சொல்லுக்கு ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்று போட்டார். அதுதான் சுற்றிவந்து இப்போது நம் போனில் ஆப்பாக நிற்கிறது.

பௌத்தத்தின் எட்டு நெறிகளில் ஏழாவது இது. தமிழில் அதற்கு ‘நற்கடைப்பிடி’ என்று பெயர். இன்று கடைப்பிடிப்பது என்றால் விதியைப் பின்பற்றுவது என்று மட்டும் எடுத்துக்கொள்கிறோம். இறையனார் களவியல் என்ற பழைய இலக்கண நூலின் உரை, கடைப்பிடி என்பதற்கு ‘கொண்ட பொருள் மறவாமை’ என்று பொருள் சொல்கிறது. இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைப்பது கடினம்.

சரி, அது என்ன என்று ஒரே வரியில் சொல்ல முடியுமா?

என்ன செய்கிறோமோ அது தெரிந்தபடியே செய்வது. தெரியாமல் போய்விட்டது என்று உறைத்ததும், தன்னைத் திட்டிக்கொள்ளாமல் திரும்பி வருவது. இதில் இரண்டாவது பாதிதான் பயிற்சி. முதல் பாதி அதன் பலன்.

உட்கார்ந்தால் எண்ணம் வந்துகொண்டே இருக்கிறது. எனக்கு இது வராது போலிருக்கிறதே?

அதிகம் பேர் இந்தப் பயிற்சியை விட்டுவிடும் இடம் இதுதான். மனத்தை வெறுமையாக்க வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், வெறுமையாகவில்லை, ஆகவே தோல்வி என்று எழுந்து போய்விடுகிறார்கள்.

ஒரு சுற்றில் நடப்பதைப் பிரித்துப் பாருங்கள். மூச்சைக் கவனிக்கிறீர்கள். கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே தெரியாமல் மனம் கிளம்பி, நேற்று மச்சினர் சொன்ன ஒரு வார்த்தையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அங்கேயே அரை நிமிடமோ ஐந்து நிமிடமோ இருக்கிறீர்கள். பிறகு திடீரென்று ‘அட, எங்கேயோ போயிட்டேனே’ என்று உறைக்கிறது. மறுபடி மூச்சுக்கு வருகிறீர்கள். இந்தச் சுற்றில் உறைக்கிற கணம்தான் நினைவு திரும்பும் கணம். அதை நீங்கள் வரவழைக்கவில்லை, அதுவாக வந்தது. வந்ததும் என்ன செய்கிறீர்கள் என்பது மட்டும்தான் உங்கள் கையில். ‘சே’ என்று சலித்துக்கொண்டால் அந்தக் கணத்துக்குத் தண்டனை கொடுத்த மாதிரி. ‘நினைப்பு’ என்று உள்ளே ஒரு சொல் சொல்லிவிட்டு மூச்சுக்குத் திரும்பினால், அடுத்த முறை அது கொஞ்சம் சீக்கிரமாக வரும்.

பத்து நிமிடத்தில் முப்பது முறை மனம் போய் முப்பது முறை திரும்பினால், முப்பது முறை பயிற்சி செய்திருக்கிறீர்கள். மனம் அலைவது உங்கள் ஒருவருடைய குறையும் அல்ல. 2010-இல் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2,250 பேரை நாளின் பல வேளைகளில் போன் வழியாகக் கேட்டுப் பார்த்தார்கள். விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 47 சதவீதம், செய்கிற வேலையில் மனம் இல்லை. இன்பமான நினைப்பில் அலைந்தவர்கள்கூட வேலையில் இருந்தவர்களைவிட மகிழ்ச்சியாக இல்லை.

எப்படித் தொடங்குவது? அடி முதல் சொல்லுங்கள்.

பத்து நிமிடம் போதும். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, மெல்லிய மணி ஒலிக்கும்படி டைமர் வையுங்கள். டைமர் இல்லாமல் உட்கார்ந்தால் ‘எவ்வளவு நேரமாச்சு’ என்பதே தியானமாகிவிடும்.

தரையில் உட்காருவதாக இருந்தால், போர்வையை நாலாக மடித்து இடுப்புக்கு அடியில் மூன்று நான்கு அங்குல உயரத்துக்குக் கொடுங்கள். முட்டி இடுப்பைவிடத் தாழ்ந்து தரையைத் தொட வேண்டும். வெறும் பாயில் சம்மணம் போட்டால் பலருக்கு முட்டி மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், முதுகு வளையும், ஐந்தாவது நிமிடம் வலி. நாற்காலியும் நல்லதே. இருக்கையின் முன்பக்கம் நகர்ந்து, முதுகு சாயாமல், இரண்டு பாதமும் தரையில் பதிய உட்காருங்கள். கை தொடைமேல். கண்ணை மூடலாம், தூக்கம் வருகிறவர்கள் பாதி திறந்து நான்கடி தள்ளித் தரையைப் பார்க்கலாம்.

இப்போது மூச்சு உங்களுக்கு எங்கே தெளிவாகத் தெரிகிறது என்று தேடுங்கள். சிலருக்கு மூக்குத் துவாரத்தின் விளிம்பில், உள்ளே போகும்போது குளிர்ச்சியாக. சிலருக்கு மேலுதட்டுக்கு மேலே. சிலருக்கு வயிறு ஏறி இறங்குவதில். எது தெளிவோ அதை எடுத்துக்கொண்டு, அன்று முழுக்க அதிலேயே இருங்கள். நடுவில் இடம் மாற்ற வேண்டாம். மூச்சை இழுக்கவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம். அது பிராணாயாமம், வேறு பயிற்சி. மூச்சு குட்டையாக இருந்தால் குட்டை, நீளமாக இருந்தால் நீளம்.

வெளிமூச்சு ஒவ்வொன்றுக்கும் ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணி, மறுபடி ஒன்றுக்கு வாருங்கள். எண்ணிக்கை தவறினாலும் ஒன்றுக்கு வாருங்கள். பதினாலு, பதினைந்து என்று போய்க்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தால், வாய் எண்ணுகிறது, ஆள் இல்லை என்று அர்த்தம். அதற்காகத்தான் பத்தில் நிறுத்துகிறோம். இரண்டு வாரம் கழித்து எண்ணுவதை விட்டுவிட்டு மூச்சை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் தூக்கம் வருகிறது, கால் மரத்துப் போகிறது. என்ன செய்ய?

தூக்கத்துக்குப் பெரும்பாலும் மூன்று காரணம்: இரவில் தூக்கம் போதவில்லை, சாப்பிட்ட உடனே உட்கார்ந்துவிட்டீர்கள், அல்லது முதுகு சரிந்துவிட்டது. முதல் காரணம் என்றால் தூங்குங்கள். தியானம் தூக்கத்துக்கு மாற்று அல்ல. இரண்டாவதற்கு, சாப்பாட்டுக்குப் பின் ஒன்றரை மணி நேரமாவது விடுங்கள். மூன்றாவது என்றால் முதுகை நிமிர்த்தி, கண்ணைத் திறந்து, எழுந்து நின்றுகூடச் செய்யலாம்.

கால் மரப்பது நரம்பு அழுந்துவதால். மெதுவாக மாற்றி வைத்துக்கொள்வதில் எந்தக் குற்றமும் இல்லை. ‘மாற்றப்போகிறேன்’ என்று தெரிந்து மாற்றுங்கள், அவ்வளவுதான். முட்டியில் குத்துகிற வலி என்றால் உடனே காலை நீட்டிவிடுங்கள். அதைத் தாங்குவதில் ஒரு பெருமையும் இல்லை.

அரிப்பு நல்ல பாடம். மூக்கு நுனியில் அரித்தால் உடனே கையைக் கொண்டுபோகாமல் மூன்று மூச்சு நேரம் பாருங்கள். அரிப்பு என்று ஒரே சொல்லில் சொல்கிறோமே, அதற்குள் ஊர்வது ஒன்று, சுள்ளென்பது ஒன்று, ‘சொறி, சொறி’ என்று பிடித்துத் தள்ளும் அவசரம் ஒன்று. பெரும்பாலும் அது ஏறி, உச்சத்துக்குப் போய், தானே இறங்கிவிடும். இறங்காவிட்டால் சொறிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு கோளாறு யாரும் அதிகம் சொல்லாதது: ஒருநாள் நன்றாக அமைந்துவிட்டால் மறுநாள் அதையே எதிர்பார்த்து உட்காருவது. நேற்றைய அமைதியை இன்று தேடிக்கொண்டிருப்பதும் மனம் அலைவதுதான்.

மூச்சைக் கவனித்தாலே மூச்சு முட்டுகிறது, படபடப்பு கூடுகிறது.

தெரியாமலே மூச்சைக் கட்டுப்படுத்துகிறீர்கள். தானாக நடக்கிற வேலையை உற்றுப் பார்த்தால் கை வைக்கத் தோன்றும். மாடிப்படி இறங்கும்போது காலைப் பற்றி யோசித்தால் தடுமாறுவது மாதிரி. முதலில் கவனத்தை மூக்கிலிருந்து வயிற்றுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். அப்படியும் முட்டினால் மூச்சை விட்டுவிடுங்கள். உள்ளங்கால் தரையில் அழுந்துவது, தொடைமேல் கையின் கனம், அல்லது வெளியே கேட்கும் சத்தங்கள்: இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். சிலருக்கு மூச்சு எப்போதுமே ஒத்துவராது. ஆஸ்துமா உள்ளவர்களும் பயத்தாக்கு (பேனிக் அட்டாக்) வருகிறவர்களும் உள்ளங்காலிலிருந்து தொடங்குவது நல்லது.

உட்கார நேரமே கிடையாது. வேலையோடு வேலையாகச் செய்யலாமா?

செய்யலாம். செய்யவும் வேண்டும்; பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு மீதி நாளெல்லாம் எங்கோ இருந்தால் என்ன பயன்? ஆனால் ‘எல்லா வேலையையும் நினைவோடு செய்வேன்’ என்று கிளம்பினால் அரைநாள் தாங்காது. தினமும் தவறாமல் நடக்கிற ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, இரண்டு வாரம் அதை மட்டும் செய்யுங்கள். பல் தேய்ப்பது, குளிக்கையில் முதல் சொம்புத் தண்ணீர், மாடிப்படி ஏறுவது, எதுவானாலும் சரி.

சமையல் செய்கிறவர்களுக்குத் தாளிப்பு நல்ல இடம், ஏனென்றால் அது காதால் செய்கிற வேலை. எண்ணெய் காயும் முன்னே கடுகைப் போட்டால் சத்தமில்லாமல் கிடக்கும். காய்ந்தபின் போட்டால் முதலில் ஒன்று இரண்டாக வெடித்து, பிறகு மழை மாதிரி ஒரே பொரியல், பிறகு சத்தத்துக்கு நடுவே இடைவெளி விழ ஆரம்பிக்கும். அந்த இடைவெளிதான் உளுத்தம்பருப்புக்கு நேரம். பருப்பு சிவந்ததும் கறிவேப்பிலை. இலையின் ஈரம் எண்ணெயில் பட்டுச் சடசடக்கும். எல்லாம் சேர்த்து ஒன்றரை நிமிடம்கூட இல்லை. அந்த நேரத்தில் காதை அடுப்பிலேயே வைத்திருங்கள். மனம் சீரியலுக்குப் போனதா என்பதைக் கருகிய உளுந்து சொல்லிவிடும்.

கோலமும் அப்படித்தான். ‘ஏழு புள்ளி, நாலு வரை, ஊடுபுள்ளி’ என்று வைத்தால் 4, 5, 6, 7, 6, 5, 4 என்று வரிசை. மொத்தம் 37 புள்ளி. ஊடுபுள்ளி என்பதால் ஒவ்வொரு புள்ளியும் முன்வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவில் விழ வேண்டும். கை பழகியவர்கள் பார்க்காமலே வைத்துவிடுவார்கள். பயிற்சிக்கு வேண்டியது அந்தப் பழக்கத்துக்குள் நினைவைக் கொண்டுவருவது: கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே மாவு நழுவும் சொரசொரப்பு, குனிந்த முதுகின் இழுப்பு. நீண்ட இழை இழுக்கும்போது பலரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். பிடிப்பது தெரிந்தால் போதும், விரல் தானே தளரும்.

கேஸை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் சந்தேகம். இதற்கு வழி உண்டா?

கை பூட்டியது, நினைவு உடன் இல்லை, ஆகவே பதிவாகவில்லை. ஞாபக மறதி என்று பலர் பயப்படுவதில் பெரும் பங்கு இதுதான். மறப்பதற்கு முதலில் பதிந்திருக்க வேண்டும்.

வழி எளிது: செய்யும்போது அதைத் தொட்டு, பார்த்து, வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘சிலிண்டர் மூடியாச்சு.’ ‘பூட்டியாச்சு, திங்கட்கிழமை.’ கிழமையைச் சேர்ப்பது ஏனென்றால், நேற்றுப் பூட்டிய ஞாபகத்தோடு இன்றையது கலந்துவிடக் கூடாது. காலை மாத்திரைக்கும் இதையே செய்யலாம். ஜப்பான் ரயில்வே ஊழியர்கள் சிக்னலையும் கதவையும் கை நீட்டிச் சுட்டி, உரக்கச் சொல்லியே வேலை செய்கிறார்கள். நம் ரயில் என்ஜினிலும் லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் வரும் சிக்னலின் நிறத்தைக் கை காட்டி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். ஆயிரம் முறை பார்த்த சிக்னலில்தான் கண் பார்த்தும் மனம் பார்க்காமல் போகும்.

ஆனால் பூட்டியது நன்றாகத் தெரிந்தும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, தினமும் அதிலேயே நேரம் போகிறது என்றால் அது வேறு. மனநல மருத்துவரைப் பாருங்கள். நல்ல சிகிச்சை இருக்கிறது.

சாப்பிடும்போது?

பயிற்சி வகுப்புகளில் முதல்நாள் ஓர் உலர்திராட்சையைக் கையில் கொடுப்பார்கள். அதைப் பார்த்து, உருட்டி, முகர்ந்து, நாக்கில் வைத்து, கடித்து, விழுங்க ஐந்து நிமிடமாவது ஆகும். ஆரஞ்சுச் சுளையிலும் செய்யலாம். ஒருமுறை செய்து பாருங்கள். ஆனால் தினமும் அப்படிச் சாப்பிட முடியாது.

தினசரிக்கு: முதல் மூன்று கவளம் மட்டும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பிசையும்போது சோற்றின் சூட்டை விரலில் உணருங்கள். கையால் சாப்பிடுகிற நமக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. வாயில் இருப்பதை விழுங்கும் முன் அடுத்த கவளத்தை உருட்டத் தொடங்கிவிடுகிறோமா என்று பாருங்கள். ஏறக்குறைய எல்லோரும் உருட்டுகிறோம். வயிறு நிறைந்தது மூளைக்குத் தெரிய ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும் என்பதால், எட்டு நிமிடத்தில் முடிப்பவர்களுக்குப் போதும் என்ற செய்தி கை கழுவிய பிறகுதான் வருகிறது.

வண்டி ஓட்டும்போது செய்யலாமா?

மூச்சைக் கவனிப்பது கூடாது. சாலைதான் அப்போது உங்கள் மூச்சு: கண்ணாடி, முன் வண்டியின் பிரேக் விளக்கு, ஓரத்திலிருந்து இறங்கும் ஆள். சிவப்பு சிக்னலில் நிற்கும்போது மட்டும் தோளும் கைப்பிடியும் எவ்வளவு இறுகியிருக்கின்றன என்று பார்த்துத் தளர்த்திக்கொள்ளலாம்.

கோபம் வரும்போது இது எப்படி உதவும்? அந்த நேரத்தில் மூச்சாவது, பேச்சாவது.

உச்சத்தில் உதவாது. அது உண்மை. உதவுவது அதற்கு முந்தைய நாலைந்து நொடியில்.

கோபம் மனத்தில் தெரிவதற்கு முன்பே உடம்பில் தெரிந்துவிடும். ஒருவருக்குத் தாடை இறுகும், ஒருவருக்குக் காது சுடும், ஒருவருக்குக் குரல் ஒரு கட்டை ஏறும். உங்களுடையது எது என்று ஒரு வாரம் கவனியுங்கள். கோபப்பட்டு முடிந்த பிறகு யோசித்துப் பார்த்தாலும் போதும். அடையாளம் தெரிந்துவிட்டால், அடுத்த முறை காது சூடாகும்போதே ‘வருகிறது’ என்று தெரியும். அப்போது செய்ய வேண்டியது ஒன்றே: இரண்டு உள்ளங்காலையும் தரையில் அழுத்தி, ஒரு வெளிமூச்சு முழுசாகப் போகும்வரை பேசாமல் இருப்பது. அதற்குப் பிறகு பேசுங்கள், கண்டிப்பாகவே பேசுங்கள்.

நம் மொழியே இதில் ஒரு கை கொடுக்கிறது. ‘எனக்குக் கோபம் வருது’ என்கிறோம். தூக்கம் வருது, அழுகை வருது, பயம் வருது. எல்லாம் எங்கிருந்தோ எனக்கு வருகின்றன. நானே அதுவாக இல்லை. வந்தது போகும் என்பதும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஆகவே உள்ளே பெயரிடும்போது ‘நான் கோபக்காரன்’ என்று சொல்லாமல், ‘கோபம் வந்திருக்கு’ என்று சொல்லுங்கள்.

ஆபீஸில் நடுவே செய்ய ஏதாவது?

மூன்று நிமிடப் பயிற்சி ஒன்று இருக்கிறது. முதல் நிமிடம்: இப்போது என்ன நினைப்பு ஓடுகிறது, என்ன உணர்ச்சி, உடம்பில் எங்கே பிடித்திருக்கிறது என்று கேட்டு, பதிலை மாற்ற முயலாமல் விட்டுவிடுவது. இரண்டாவது நிமிடம்: மூச்சு மட்டும். மூன்றாவது: கவனத்தை மூச்சிலிருந்து முகம், தோள், உட்கார்ந்திருக்கும் உடம்பு முழுவதற்கும் பரப்புவது. ஒரு மீட்டிங் முடிந்து அடுத்ததற்குப் போகும் இடைவெளி இதற்கு ஏற்றது. இல்லாவிட்டால் முதல் மீட்டிங்கின் மிச்சம் இரண்டாவதிலும் ஓடிக்கொண்டிருக்கும்.

போனைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். கையில் எடுக்கும்போது ‘எதுக்கு எடுத்தேன்?’ என்று கேளுங்கள். பதில் இருந்தால் அந்த வேலையை முடித்துக் கீழே வையுங்கள். பதில் இல்லையென்றாலும் பார்க்கலாம், ஆனால் ‘சும்மா எடுத்தேன்’ என்று தெரிந்து பாருங்கள். மணி பார்க்க எடுத்து இருபது நிமிடம் ரீல்ஸ் பார்த்துவிட்டு, மணி பார்க்காமலே கீழே வைப்பது எல்லோருக்கும் நடக்கிறது.

நினைவோடு இருப்பது என்றால் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வதா?

இல்லவே இல்லை. ‘உள்ளதை உள்ளபடி ஏற்பது’ என்று சொல்லும்போது, இப்போது இப்படி இருக்கிறது என்பதை மறுக்காமல் பார்ப்பதைத்தான் சொல்கிறோம். வீட்டில் அடி விழுகிறது, அலுவலகத்தில் மூன்று பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டுகிறார்கள் என்றால், அங்கே மாற வேண்டியது உங்கள் மூச்சு அல்ல. ஆளைக் கூட்டாமல், நேரத்தைக் குறைக்காமல், ஊழியர்களுக்குத் தியான வகுப்பு மட்டும் நடத்துகிற நிறுவனங்கள் இந்தப் பயிற்சியைக் கெடுக்கின்றன. தெளிவாகப் பார்க்கப் பழகியவர் ‘இது தாங்காது’ என்பதையும் முன்னதாகவே பார்த்துவிடுவார். அது பயிற்சியின் பலன்தான்.

இதுவும் விபஸ்ஸனா என்ற பௌத்தத் தியானமும் ஒன்றா? யார் தொடங்கியது?

வேர் ஒன்று. உடல், நுகர்ச்சி (இன்ப துன்ப உணர்வு), மனம், மனத்தில் எழும் பொருள்கள் என்று நான்கு இடங்களில் நினைவை நிறுத்துவதைப் புத்தரின் ஸதிபட்டான சூத்திரம் விளக்குகிறது. அதை இல்லறத்தார்க்கும் உரிய பயிற்சியாகப் பரப்பியதில் பர்மாவுக்குப் பெரும் பங்கு உண்டு. பர்மியத் துறவி மகாசி சயாதோ (1904–1982) வயிறு ஏறி இறங்குவதைக் கவனித்து, எழுவதற்கெல்லாம் பெயரிடும் முறையைக் கற்பித்தார். ஊ பா கின் என்ற பர்மிய ஆசிரியரிடம் கற்ற எஸ். என். கோயங்கா 1969-இல் இந்தியா வந்து பத்து நாள் முகாம்களைத் தொடங்கினார்.

அந்த முகாமில் காலை நான்கு மணிக்கு எழுப்பி, இரவு ஒன்பதரை வரை நாள் போகும். பேச்சு கிடையாது, போன் கிடையாது, கட்டணமும் கிடையாது. முதல் மூன்று நாள் மூச்சு மட்டும். நான்காம் நாள் விபஸ்ஸனா, அதாவது உடம்பில் எழும் உணர்வுகளை உள்ளபடி கவனிப்பது. சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் தம்ம சேது என்ற மையம் இருக்கிறது. தினம் பத்து நிமிடம்கூட உட்கார்ந்து பழகாதவர்கள் நேராக அங்கே போவதற்கு முன், வீட்டில் இரண்டு மூன்று மாதம் செய்துவிட்டுப் போவது நல்லது.

மருத்துவமனைக்குள் இதைக் கொண்டுவந்தவர் ஜான் கபாட்-ஸின். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், நாள்பட்ட வலியாலும் நோயாலும் தவித்தவர்களுக்கு எட்டு வாரப் பயிற்சியாக வடிவமைத்தார். வாரம் ஒரு வகுப்பு, சுமார் இரண்டரை மணி நேரம். வீட்டில் தினம் 45 நிமிடம். நடுவே ஒருநாள் முழுக்க மௌனம். மதச் சொற்களை எடுத்துவிட்டார். இன்று ஆப்பில் கேட்பதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கிளையிலிருந்து வந்தது.

பௌத்தத்திலிருந்து வந்தது என்றால் மற்ற மதத்தார் செய்யலாமா?

செய்யலாம். மூச்சுக்கு மதம் இல்லை. தொழுகையிலோ ஜெபத்திலோ பூஜையிலோ வாய் ஒருபக்கம் ஓட மனம் மறுபக்கம் ஓடுவதை உணர்ந்து திரும்பி வருவதும் இதே பயிற்சிதான்.

நமக்கு இது புதிதும் அல்ல. திருக்குறளின் 54-ஆம் அதிகாரம் பொச்சாவாமை, அதாவது மறதியில் சோராமை. மிகுந்த கோபத்தைவிட, மகிழ்ச்சியில் மயங்கி வரும் மறதி கெடுதல் என்று அது தொடங்குகிறது. துன்பத்தில்தான் நினைவு தவறும் என்று எண்ணுகிறோம். வள்ளுவர் மறுபக்கத்தைக் காட்டுகிறார். நினைத்ததை அடைவது எளிது, நினைத்ததையே நினைத்துக்கொண்டிருக்க முடிந்தால் என்று அந்த அதிகாரம் முடிகிறது.

உண்மையில் பலன் உண்டா, அல்லது வெறும் விளம்பரமா?

இரண்டும் உண்டு. வலுவான சான்று மனச்சோர்வு திரும்ப வருவதைத் தடுப்பதில் இருக்கிறது. டீஸ்டேல், சீகல், வில்லியம்ஸ் ஆகியோர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்து போனவர்களுக்கு எட்டு வாரப் பயிற்சிக்குப் பின் அது திரும்புவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. இரண்டு முறை மட்டும் வந்தவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. பதற்றத்துக்கும் நாள்பட்ட வலிக்கும் மிதமான பலன் உண்டு. புற்றுநோய் போகும், சர்க்கரை போகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா?

விளையாட்டாக, மூன்று நிமிடத்துக்குள். படுக்க வைத்து வயிற்றின்மேல் ஒரு பொம்மையை வைத்து அது ஏறி இறங்குவதைப் பார்க்கச் சொல்லலாம். பூஜை மணியை ஒருமுறை அடித்து, ஒலி முழுக்க அடங்கியதும் கையைத் தூக்கச் சொல்லலாம். கட்டாயப்படுத்த வேண்டாம். பிரிட்டனில் 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளில், 11 முதல் 14 வயது வரையிலான 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து நடந்து 2022-இல் வெளியான பெரிய ஆய்வில், வகுப்பு முழுவதற்கும் பாடமாக நடத்தியதில் வழக்கமான கல்வியைவிட மனநலத்தில் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் அதைச் செய்து பார்க்கவே இல்லை. நீங்கள் போனைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் சொல்வதைக் கேட்பது இதைவிடப் பெரிய பாடம் என்பது எங்கள் கருத்து.

யார் செய்யக் கூடாது?

மனச்சிதைவோ இருதுருவக் கோளாறோ (பைபோலார்) உள்ளவர்கள், அண்மையில் பெரிய இழப்போ வன்முறையோ கண்டவர்கள், தற்கொலை எண்ணம் வருகிறவர்கள் தாங்களாகத் தொடங்க வேண்டாம். மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். கண்ணை மூடி அமைதியாக உட்காரும்போது, அடக்கி வைத்திருந்த காட்சிகள் மேலே வரலாம். வந்தால் கண்ணைத் திறந்து, அறையில் தெரியும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லி, எழுந்து நடந்து, பயிற்சியை அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மனநல மாத்திரைகளை ‘தியானம் செய்கிறேனே’ என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

எத்தனை நாளில் தெரியும்? தெரிகிறது என்று எப்படித் தெரியும்?

தினம் பத்து நிமிடம் விடாமல் செய்தால் பலருக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் ஏதோ ஒன்று தட்டுப்படும். அது பெரும்பாலும் அமைதியாக வராது. ‘எனக்கு இவ்வளவு எரிச்சல் வருதா’ என்ற கண்டுபிடிப்பாகத்தான் முதலில் வரும். எரிச்சல் கூடவில்லை, முன்பு தெரியவில்லை, இப்போது தெரிகிறது. இந்தக் கட்டத்தில் விட்டுவிடாதீர்கள்.

அடுத்துப் பாருங்கள்: மனம் கிளம்பியதற்கும் கிளம்பியது உறைத்ததற்கும் நடுவே உள்ள நேரம். மச்சினர் சொன்ன வார்த்தையில் முன்பு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தீர்கள். இப்போது காபி ஆறுவதற்குள் திரும்பி வந்துவிடுகிறீர்கள்.

நடுவில் இரண்டு வாரம் விட்டுப்போய்விட்டது. மறுபடி முதலிலிருந்தா?

மூச்சு எண்ணும்போது தவறினால் என்ன செய்தீர்களோ அதையே செய்யுங்கள். விட்ட நாள்களை ஈடுகட்ட ஒரு மணி நேரம் உட்கார வேண்டாம், முட்டிதான் வலிக்கும். இன்று ஐந்து நிமிடம், வெளிமூச்சு ஒன்றிலிருந்து.